மடுக்கந்தையில் ஒரு நிக்கினிப் பூரணை

வவுனியா நகரத்திலிருந்து ஹொரவப்பொத்தானை வீதியால் போனால் நாலைந்து கிலோமீற்றரில் மடுக்கந்தை வந்துவிடும். சைக்கிளில் போகிற தூரம். அப்படியிருந்தும் எனக்குத் தெரிந்த வவுனியாத் தமிழர்களில் அங்குள்ள பழைய விகாரைக்குள் கால் வைத்தவர்கள் மிகக் குறைவு. அனுராதபுரம் போய் ருவன்வெலிசாயவின் முன்னால் நின்று படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். கண்டித் தலதா மாளிகையில் மணிக்கணக்காக வரிசையில் நின்றவர்களும் இருக்கிறார்கள். அங்கே வைத்துக் கும்பிடுகிற புத்தரின் புனிதப் பல்லான தந்தம் அனுராதபுரம் போகிற வழியில் தங்கிய இடம் என்று மரபு சொல்வது மடுக்கந்தையைத்தான் என்றால், "அப்படியோ?" என்று கேட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள்.

தெரியாததால் மட்டும் போகாமல் இருக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். வன்னியில் விகாரைக்குப் போவது சும்மா ஒரு கோயிலுக்குப் போய்வருகிற காரியம் இல்லை. 2009க்குப் பிறகு வீதியோரங்களிலும் சந்திகளிலும் முகாம் வாசல்களிலும் புத்தர் சிலைகள் வந்தன. கும்பிட ஒரு வீட்டார்கூட இல்லாத ஊர்களிலும் வந்தன. செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவில், நீதிமன்றம் சொன்னதையும் மீறி, 2019இல் ஒரு பிக்குவின் உடலை எரித்ததை முல்லைத்தீவில் யாரும் மறக்கவில்லை. 2021 தை மாதத்தில் குருந்தூர்மலையில் தொல்லியல் திணைக்களம் அகழ்வைத் தொடங்கியபோது, அங்கே ஆதிசிவனையும் ஐயனாரையும் கும்பிட்டு வந்த சனம் நீதிமன்றப் படி ஏறவேண்டி வந்தது. இவ்வளவும் மனதில் கிடக்கும்போது "பன்சலைக்குப் போட்டு வாறன்" என்று வீட்டில் சொல்வது லேசில்லை. அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஏன், உனக்குக் கோயில் இல்லையோ?"

என்னைக் கூப்பிட்டது என்னோடு வேலை செய்யும் ஒரு சிங்கள அக்கா. மடுக்கந்தைப் பக்கத்து ஊர்க்காரர். வவுனியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் என்னைவிட வேகமாகச் சண்டை பிடிப்பார். பழைய கல் வேலைகளைப் பார்க்க ஆசை என்று நான் சொன்னதற்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "தம்பி, கல்லை மட்டும் பாக்கிறதெண்டா எந்த நாளும் வரலாம். சனம் கும்பிடுறதையும் பாக்கவேணுமெண்டா போயாவில காலமை வாங்கோ. வெள்ளையா ஏதும் போட்டுக்கொண்டு வாங்கோ."

இலங்கையில் போயா என்கிற ஒவ்வொரு பூரணையும் அரச விடுமுறை. சாராயத் தவறணையும் இறைச்சிக் கடையும் பூட்டியிருக்கும். நமக்கு அது பெரும்பாலும் 'லீவு நாள்', அவ்வளவுதான். ஒவ்வொரு பூரணைக்கும் ஒரு கதை உண்டு என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், பிறகு விட்டுவிட்டோம். வெசாக்கில் புத்தரின் பிறப்பும் ஞானமும் பரிநிர்வாணமும். பொசனில் மிகிந்தலையில் மகிந்தர் தேவநம்பிய தீசனைச் சந்தித்தது. உந்துவப்பில் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்தது. நான் போனது ஆவணி மாதத்து நிக்கினிப் பூரணைக்கு. வெளிச்சக் கூடும் இல்லை, வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா சாப்பாடு கொடுக்கிற தன்சலும் இல்லை. ஊர்ச் சனம் மட்டுந்தான். அதுவே நல்லதாகப் போயிற்று.

வாசலில் செருப்பையும் தொப்பியையும் கழற்றவேண்டும். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் புதிதாகப் பட்டது வேறு. அர்ச்சனைச் சீட்டு இல்லை. பெயர், நட்சத்திரம் கேட்க ஆள் இல்லை. பூவைக் கொண்டுபோகிறவரே கழுவி, அவரே பீடத்தில் அடுக்கி, அவரே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு நகர்கிறார். நடுவில் ஐயர் இல்லை. பிக்கு அந்த நேரம் வேறெங்கோ இருக்கிறார், அவர் இல்லாமலே எல்லாம் நடக்கிறது. கருவறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தே பழகிய எனக்கு, சிலையின் காலடிவரை போக விட்டபோது கை கால் எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

தாமரையும் அல்லியும் மல்லிகையும்தான் அதிகம். மாலை கட்டிப் போடுவதில்லை. காம்பை ஒடித்து, இதழை விரித்து, தட்டில் நிரைநிரையாக வைக்கிறார்கள். மோந்து பார்க்கக் கூடாது, அது நமக்கும் உள்ள கட்டுப்பாடுதான். ஆனால் பூ வைக்கும்போது அவர்கள் சொல்லும் பாளிச் செய்யுளின் பொருளை அக்கா சொன்னபோது கொஞ்சம் யோசித்தேன். இந்தப் பூ எப்படி வாடுகிறதோ அப்படியே என் உடம்பும் அழிவை நோக்கிப் போகிறது என்பதுதான் அது. பிள்ளைக்குச் சோதனை, புருசனுக்கு வேலை, தீராத வருத்தம் என்று ஆயிரம் கேட்க வந்த இடத்தில், பூவைக் கையில் வைத்துக்கொண்டு 'நானும் வாடுவேன்' என்று சொல்லிக்கொள்வது சின்ன விசயம் இல்லை. அதைச் சொல்லி முடித்த கையோடு சோதனையையும் வேலையையும் கேட்கிறார்கள் என்பது வேறு கதை. மனிசர் எங்கேயும் மனிசர்தான்.

கேட்கிற இடம் வெள்ளரசடி. சின்னக் குடங்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்து வேரடியில் ஊற்றுகிறார்கள். மரத்தைச் சுற்றிக் கொடிகள், எண்ணெய் விளக்குகள், சாம்பிராணி. அரசமரத்தைச் சுற்றிக் கும்பிடுவது நமக்குப் புதிதில்லை. வன்னியில் அரசமரம் கண்ட இடமெல்லாம் அடியில் ஒரு பிள்ளையார் இருப்பார். ஆனால் இப்போது எல்லா விகாரைகளிலும் கேட்கிற, பாட்டும் இழுவையுமாகச் சனத்தைக் கட்டிப்போடுகிற போதி பூசை அவ்வளவு பழையது இல்லை. வெள்ளரசைக் கும்பிடுவது ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். அந்தப் பூசையின் இன்றைய வடிவத்தை 1970களில் பரவலாக்கியவர் பாணந்துறை ஆரியதம்ம தேரர். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்கட அம்மம்மாக்கள் என்ன செய்தவை?" என்று கேட்டார். தண்ணி ஊத்திப்போட்டுச் சும்மா கும்பிட்டிருப்பினம் என்றேன். நம்மிலும் அப்படித்தான். அம்மம்மா காலத்தில் கல்லும் சூலமும் இருந்த இடத்தில் இன்றைக்குக் கோபுரமும் ஒலிபெருக்கியும் நிற்கின்றன, கேட்டால் 'தொன்றுதொட்டு' என்கிறோம்.

மண்டபத்தில் பாய் விரித்து வெள்ளைச் சேலையில் வயதானவர்கள் இருந்தார்கள். 'சில்' எடுத்தவர்கள், அதாவது அன்றைக்கு எட்டுச் சீலம் காப்பவர்கள். அக்காவின் அம்மாவும் அதில் ஒருவர். எல்லா நாளும் உள்ள ஐந்து சீலத்தோடு, மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடாமை, ஆட்டம் பாட்டு அலங்காரம் இல்லாமை, உயர்ந்த ஆசனத்திலும் படுக்கையிலும் இராமை எல்லாம் சேர்ந்த எட்டு. காலையில் எடுத்தால் அன்றைய நாள் முழுக்க அங்கேயே. 'பண' என்கிற பிரசங்கம் கேட்பார்கள், தியானம் இருப்பார்கள், இடையிடையே கதைப்பார்கள், ஒன்றிரண்டு பேர் தூங்கியும் விழுவார்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் கோயிலிலேயே கிடக்கிற என் பெரியம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டால் ஒரு மணித்தியாலத்தில் ஊர்க்கதை தொடங்கிவிடுவார். மொழிதான் இடிக்கும்.

மத்தியானத்துக்கு முன் புத்த பூசை. சோறும் கறிகளும் பழமும் சிறு கிண்ணங்களில் சிலைக்கு முன் வைக்கிறார்கள். பிக்குகளும் பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடவேண்டும். படைத்த சோற்றை நாம் பிரசாதம் வாங்குவது போல ஒருவரும் கையேந்தி வாங்கவில்லை. அது பொதுவாகக் காகம், நாய், பூனைக்குத்தான் போகும். சனத்துக்குத் தனியாகச் சமைத்த சாப்பாடு. சுண்டலும் மோதகமும் கையில் வராவிட்டால் பூசை முடிந்ததாகவே நம்பாத எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம் என்று சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

இனி வஸ். பிக்குகள் மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்கியிருக்கும் காலம் அது. எசல பூரணைக்கு அடுத்த நாள் தொடங்கி வப் பூரணைவரை. மழைக் காலத்தில் ஊர் ஊராக நடந்தால் பயிரும் சிறு உயிரும் மிதிபடும் என்பதால் புத்தர் போட்ட விதி என்று சொல்வார்கள். வட இந்தியாவில் அந்த மாதங்களில் மழை கொட்டும், அதனால் விதி பொருந்தும். வன்னியிலோ அது சோளகம் அடிக்கிற காலம். குளத்தில் தண்ணீர் அடியில் கிடக்கும், வயல் வெடித்துக் கிடக்கும், மிதிக்கப் பயிரே இல்லை. நமக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி தைவரை. அதாவது இங்கே பிக்குகள் வெய்யிலில் உள்ளே இருந்துவிட்டு, மாரி தொடங்குகிற நேரம் வெளியே வருகிறார்கள்! அதுவரைக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பு. வஸ் முடிந்ததும் கட்டின சீவரம் என்று புதுக் காவி உடையை ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எந்த வீடு எந்த நாளுக்குத் தானம் என்று மாதக்கணக்கில் பங்கு பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கோயில் உபயகாரர் பட்டியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் புரியாதது ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலில் எல்லாமே வீட்டுப் பெயர்கள்.

இது எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு விகாரையைப் பார்க்கும்போது அது எந்தக் காலத்தது, யார் கட்டினது என்பதை விட, அதற்கு யார் சோறு போடுகிறார்கள் என்று முதலில் கேட்கவேண்டும் என்று நினைக்கிறேன். மடுக்கந்தைக்குச் சோறு போட ஒரு ஊர் இருக்கிறது. பாயில் கிழவிகள் இருக்கிறார்கள். பூப் பிடுங்கப் பக்கத்தில் குளம் இருக்கிறது. வன்னியில் நம்மைத் துன்புறுத்துகிற சிலைகளுக்கு இது ஒன்றும் இல்லை. அவற்றுக்கு முகாமிலிருந்துதான் பூ வருகிறது.

பழைய கற்களை எல்லாம் முடிந்த பிறகே பார்த்தேன். சிலைமனை இருந்த மேடை, கல் தூண்கள், படியடியில் சந்திரவட்டக்கல், இரண்டு பக்கமும் காவற்கல். அனுராதபுரத்துக் கல்வேலையைப் பார்த்தவர்களுக்கு அளவில் சிறியதாகத் தெரியும். ஆனால் அங்கே கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு பார்க்கவேண்டியதை இங்கே குந்தி இருந்து பார்க்கலாம்.

தந்தத்தின் கதை இதுதான். கலிங்கத்துத் தந்தபுரத்தில் குகசிவன் என்ற அரசனிடம் புத்தரின் பல் இருந்தது. பகைவர் படையெடுத்து வர, அது அவர்கள் கையில் விழாமல் இருக்க மகள் ஹேமமாலியிடமும் மருமகன் தந்தனிடமும் கொடுத்து இலங்கைக்கு அனுப்பினான். ஹேமமாலி அதைத் தலைமுடிக்குள் ஒளித்துக்கொண்டு, வேடம் மாறி, கப்பல் ஏறி வந்தாள். இங்கே அப்போது ஆட்சி மகாசேனனின் மகன் கீர்த்தி ஸ்ரீ மேகவண்ணனுடையது. கி.பி. 4ஆம் நூற்றாண்டு. அவர்கள் கிழக்குக் கரையில் இலங்காபட்டுனவில் இறங்கியதாகவும், அனுராதபுரம் போகும் வழியில் தந்தம் மடுக்கந்தையில் தங்கியதாகவும் மரபு. நூறு ஆண்டுக்குள், 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்திலிருந்து வந்த பாகியான், ஆண்டுதோறும் தந்தத்தை ஊர்வலமாக அபயகிரி விகாரைக்கு எடுத்துப்போன விழாவை எழுதி வைத்திருக்கிறார்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் திருகோணமலைக்குத் தெற்கேயிருந்து அனுராதபுரத்துக்கு மடுக்கந்தை வழியாகப் போவது சுற்றுவழி. ஆனால் துரத்தப்பட்டு வந்தவர்கள் எப்போது நேர்வழியில் போயிருக்கிறார்கள்? இந்தக் கதையைச் சிங்களச் சனத்தைவிட வன்னிச் சனம் நன்றாக விளங்கிக்கொள்ளும் என்று தோன்றியது. எதை விட்டுவிட்டு எதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்று நம் ஊர்ப் பெண்கள் யோசித்திருக்கிறார்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் படம். நகையைச் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்தவர்களை எனக்குத் தெரியும். தலைமுடிக்குள் பல்லை ஒளித்தவளின் கதையை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

திரும்பி வரும் வழியில் இன்னொரு பெயர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. விசாகன். வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்தில் பிக்குகள் தங்குவதற்குக் கொடுத்த குகைகளில் பிராமி எழுத்துகள் உண்டு. கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. மொழி பிராகிருதம். அவற்றில் இரண்டு, தமிழ் வணிகனான குடும்பத் தலைவன் விசாகனுடையவை. அவன் தன்னைத் தமிழன் என்று பொறித்திருக்கிறான், பிக்குகளுக்குக் குகையும் கொடுத்திருக்கிறான். இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அனுராதபுரத்தில் அபயகிரிக்குப் பக்கத்திலும் தமிழ்க் குடும்பத் தலைவர்களின் மேடை என்று ஒரு கல்வெட்டு இருக்கிறது, அதில் இன்னார் இருக்கை என்று தனித்தனியாகப் பெயர்கள், ஒரு கப்பல் தலைவனின் இருக்கை உட்பட. தமிழ்நாட்டுப் பக்கத்தில் மணிமேகலை இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற இலக்கணம் எழுதிய புத்தமித்திரர் இருக்கிறார்.

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலும் முகம் சுளிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு, வடக்கில் மண்ணைக் கிண்டும்போது ஒரு தாதுகோபுரத்தின் செங்கல் வந்தால் அது சிங்களவரின் காணி. நம் பக்கத்துக்கு, அதே செங்கல் வந்தால் ஒன்று அது பொய், அல்லது அது சிவன் கோயில். விசாகனுக்கு இரண்டு பேரின் கணக்கிலும் இடம் இல்லை. நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கதைத்தபோது கோபப்பட்டார். "இப்ப இதைச் சொன்னா அவங்களுக்கு வசதி. 'பாருங்கோ, தமிழரே ஒத்துக்கொள்ளுறாங்கள்' எண்டு காணியைப் பிடிப்பாங்கள்." அவர் பயம் காரணமில்லாதது அல்ல. ஆனால் நாங்கள் விசாகனைக் கைவிட்டாலும் காணி பிடிப்பது நிற்கவில்லையே. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய குகையை யார் கொடுத்தார் என்பதும், இன்றைக்கு வயல் விதைக்கிறவரின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். முதலாவதுக்குப் பதில் சொல்லப் பயந்தால் இரண்டாவதும் நம் கையை விட்டுப் போகும் என்றுதான் எனக்குப் படுகிறது. நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உண்மையில் எனக்கு விகாரையை விடக் கடினமானது வைகாசி மாதம். வெசாக் அந்தப் பூரணையில்தான். மணிமேகலையில் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மேலே வருவதும் வைகாசி விசாகத்தில்தான், பசித்தவருக்கெல்லாம் சோறு போடுகிற பாத்திரம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலும் அந்தப் பூரணையை அண்டிய திங்கட்கிழமை. கடல் நீரில் விளக்கெரிப்பார்கள், வன்னி முழுக்க அங்கே நிற்கும். சிங்களச் சனமும் அதே கண்ணகியைப் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறது. அதே மாதத்தில்தான் மே 18, முள்ளிவாய்க்காலில் போரின் முடிவில் இறந்தவர்களை நினைக்கிற நாள். வற்றாப்பளையிலிருந்து முள்ளிவாய்க்கால் கூப்பிடு தூரம் மாதிரித்தான். உப்பும் அரிசியும் தண்ணியுமாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்போம். ஒரு பக்கம் தன்சலில் ஐஸ்கிரீமும் சோறும் கொடுக்கிறார்கள், இன்னொரு பக்கம் கஞ்சி. சில ஆண்டுகளில் கஞ்சி காய்ச்சியதற்கே பொலிஸ் வந்தது.

இதை அக்காவிடம் சொல்வதா விடுவதா என்று யோசித்து, கடைசியில் சொன்னேன். அவருக்கு வற்றாப்பளைப் பொங்கல் தெரியும், போனதில்லை. கஞ்சி பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பொங்கலுக்கு நானும் வரலாமோ? என்ன உடுத்துக்கொண்டு வாறது?" என்றார். சேலை நல்லது, பின்னேரமே போய்விடவேண்டும், இரவில் பஸ் பிடிக்க ஏலாது என்றேன்.

"அந்தக் கஞ்சியும் அங்கதானே குடுக்கிறது?"

"கஞ்சி 18ஆம் திகதி, அக்கா. பொங்கல் வேற நாள் வரும்."

"அப்ப ரெண்டு லீவு போடவேணும்," என்றார். வெசாக்கை ஒட்டி எல்லாரும் லீவு கேட்பார்கள், அந்த நேரத்தில் இன்னும் இரண்டு நாள் கேட்டால் மேலதிகாரி என்ன சொல்வார் என்று பஸ் வரும்வரை அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு நின்றோம்.